ஒட்டில்லாத பலகை

பழைய ஆங்கிலேய மரச்சாமான்களின் ஏலப் பட்டியல்களை வாசிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. வாங்குவதற்காக இல்லை. வாங்கினாலும் வைக்க இடம் கிடையாது. எங்கள் வீட்டுக் கூரை எட்டடிதான், ஒரு நூலக அலமாரி சர்வசாதாரணமாக அதைத் தாண்டி நிற்கும். ஆனாலும் ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வைத்தபிறகு அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன்: கதவுச் சட்டம், கீல், இழுப்பறையின் மூலை, பூட்டின் பித்தளை. கீழே எழுதியிருப்பதையும் விடுவதில்லை. அதை எழுதுகிறவர்களுக்கென்று ஒரு தனி நடை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் தச்சரான சிப்பண்டேல் என்றால் செதுக்கல், கற்பனை, துணிச்சல் என்பார்கள். கில்லோஸ் என்றால் அடக்கம், நிதானம், வீண் அலங்காரம் இல்லாத நேர்த்தி. லங்காஸ்டர் ஊரில் கில்லோஸ் பட்டறையில் 1790 வாக்கில் செய்த மகாகனி அலமாரி ஒன்று ஏலத்துக்கு வருகிறதென்றால் இந்த இரண்டாவது வகைச் சொற்கள் கட்டாயம் இருக்கும். கூடவே அது எந்தப் பிரபுவின் மாளிகையில் இருந்தது, அவருக்குப்பின் யாருக்குப் போனது என்று ஒரு வம்சாவளி.

எனக்கும் கில்லோஸ் பிடிக்கும், சிப்பண்டேலைவிடப் பிடிக்கும். ஆனால் அந்தப் பாராட்டில் ஏதோ ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. எங்கே இடிக்கிறது என்று காட்டிக்கொடுத்தது என் மாமனார்.

அவர் கும்பகோணத்தில் மரவாடி வைத்திருந்தவர். போன கோடையில் இங்கிலாந்துக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். கோட்டை, ஏரி, கடற்கரை எல்லாம் காட்டியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு மாப்ள" என்று ஒரே பதில். சரி, இவருக்கு மரத்தைத்தான் காட்ட வேண்டும் என்று ஓர் ஏலக்கூடத்தின் பார்வை நாளுக்குக் கூட்டிப்போனேன். பார்வை நாளில் யார் வேண்டுமானாலும் போகலாம். கதவைத் திறக்கலாம், இழுப்பறையை உருவலாம், கவிழ்த்துக்கூடப் பார்க்கலாம். கூடத்தின் கோடியில் நின்றது அந்த நூலக அலமாரி. நான்கு கதவு அகலம். நடு இரண்டு கதவுகளும் சேர்ந்த பகுதி பக்கப் பகுதிகளைவிடச் சற்று முன்தள்ளி நிற்கும். இந்த வகையின் அடையாளமே அதுதான். மேலே கண்ணாடிக் கதவுகள், கீழே பலகைக் கதவுகள், உச்சியில் கார்னிஸ் என்கிற முன்தள்ளிய விளிம்பு. நடுவில் இருந்த இழுப்பறையை இழுத்தால் அதன் முகப்பலகையின் மேல்விளிம்பில் சின்ன எழுத்தில் முத்திரை: கில்லோஸ், லங்காஸ்டர். நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் முகப்பின் பக்கமே வரவில்லை. கீழ்க்கதவைத் திறந்து, மண்டிபோட்டு உட்கார்ந்து, உள்ளே இருந்த தட்டை அங்கிருந்த பணியாளரிடம் சைகையிலேயே அனுமதி கேட்டு உருவி வெளியே எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கட்டைவிரலை விளிம்போடு ஓட்டினார். வெட்டுமுகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் கையை விரித்துச் சாண் போட்டார்.

"மாப்ள, இதுல ஒட்டு எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். இல்லை. இரண்டு சாணுக்கு மேல் அகலம், நீளம் நாலடி இருக்கும், ஒரே பலகை. கதவின் நடுப்பலகையைப் பார்த்தோம், அதுவும் ஒரே பலகை. பக்கவாட்டுப் பலகை இன்னும் அகலம், அதிலும் ஒட்டு இல்லை. ரேகை கீழிருந்து மேல்வரை உடையாமல் ஓடியது. இருநூறு வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தின் ஈரத்திலும் கரி அடுப்பின் சூட்டிலும் நின்றிருக்கிறது, தட்டு வளையவில்லை. ஒரு மூலையில் மட்டும் மயிரிழை வெடிப்பு.

"இந்த அகலத்துக்குப் பலகை அறுக்கணும்னா அடிமரம் என்ன சுத்து இருக்கணும்? வெள்ளையைக் கழிச்சு, நடுக்குருத்தைக் கழிச்சு, வெடிப்பைக் கழிச்சு, மிச்சம் நிக்கிற வைரத்துல இவ்ளோ. இது நட்டு வளத்த மரம் இல்ல. காட்டு மரம். எந்தக் கூப்பு இது? அவர்ட்ட கேளுங்க."

நான் கேட்டேன். கூப்பு என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், மரம் எங்கே வெட்டியது என்று கேட்டேன். அந்தப் பணியாளர் மரியாதையானவர், பட்டியலை விரித்துப் படித்தே காட்டினார்: கில்லோஸ், லங்காஸ்டர், 1790 வாக்கில், யார்க்‌ஷயரில் ஒரு மாளிகையின் நூலகத்தில் இருந்தது. மாமனாருக்குத் தமிழில் சொன்னேன். அவர் தட்டை மறுபடி சட்டத்துக்குள் செருகிக்கொண்டே சொன்னார்: "அது செஞ்சவன் பேரு, வச்சிருந்தவன் பேரு. நான் கேட்டது மரத்தை."

மரவாடிக்காரருக்கு அது ரொம்பச் சாதாரணமான கேள்வி. லாரியில் மரம் வந்து இறங்கினால் எந்தக் காடு, யார் கூப்பு எடுத்தது, எந்தப் பருவத்தில் வெட்டியது என்று கேட்டுவிட்டுத்தான் விலையே பேசுவார்கள். ஏலக்கூடத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

லூன் ஆற்றங்கரைப் பட்டறை

ராபர்ட் கில்லோ 1704-ல் பிறந்தவர். லங்காஸ்டரில் தச்சுத்தொழில் பழகி, 1730 வாக்கில் சொந்தப் பட்டறை போட்டார். கத்தோலிக்கக் குடும்பம், அந்தக் கால இங்கிலாந்தில் கத்தோலிக்கர்களுக்கு அரசாங்கப் பதவிகள் கிடையாது, அதனால் வியாபாரத்தில் முழுமூச்சாக இறங்கினார்கள் என்று சொல்வதுண்டு. ஊர் அமைந்த இடமும் தோதாக இருந்தது. லங்காஸ்டர் லூன் ஆற்றின் கரையில் இருக்கிறது, ஆறு கொஞ்ச தூரத்தில் ஐரிஷ் கடலில் விழுகிறது, கடலுக்கு அந்தப் பக்கம் அட்லாண்டிக், அதற்கும் அந்தப் பக்கம் ஜமைக்கா. 1721-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரி இல்லை. போர்க்கப்பல் கட்டுவதற்கு மரம் வேண்டும் என்று போட்ட சட்டம் அது. அதன் தயவில் மகாகனியும் வரியில்லாமல் உள்ளே வந்தது. கில்லோ அந்த மரத்தை இறக்கினார், மேசை நாற்காலி செய்தார், செய்ததில் கொஞ்சத்தை அதே தீவுகளின் தோட்ட முதலாளிகளுக்கே திருப்பி அனுப்பி விற்றார். ரம், சர்க்கரை வியாபாரமும் பக்கத்திலேயே நடந்தது. கப்பல்களில் பங்கும் இருந்தது.

மகன் ரிச்சர்ட் கில்லோ கட்டடக்கலை படித்தவர். லங்காஸ்டர் துறைமுகத்தில் 1764-ல் கட்டிய சுங்க மாளிகை அவர் வரைந்தது. இப்போது அது கடல்சார் அருங்காட்சியகம். தூண்கள் வைத்த அந்தக் கட்டடத்தின் முகப்பைப் பார்த்துவிட்டு ஒரு கில்லோஸ் அலமாரியின் முகப்பைப் பார்த்தால் ஒரே கைதான் என்று தெரியும்: நடுவை முன்தள்ளி, இரண்டு பக்கத்தையும் அடக்கி, மேலே கார்னிஸால் மூடுவது. 1769 வாக்கில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் கிளை திறந்தார்கள். பட்டறை லங்காஸ்டரிலேயே இருந்தது, வடக்கில் கூலி குறைவு. செய்த சாமான்கள் கடல்வழியே லண்டனுக்குப் போயின. பெரிய நூலக அலமாரி பார்ப்பதற்கு ஒரே மலைபோல் நின்றாலும் உண்மையில் துண்டு துண்டாகக் கழலும். கார்னிஸ் தனி, மேல்பெட்டிகள் தனி, கீழ்ப்பெட்டிகள் தனி, அடிப்பீடம் தனி. மாளிகைக்குள் கொண்டுபோய் அடுக்கித் திருகாணி போட்டால் முடிந்தது. பிரித்துப் பொருத்தும் சாமான் விற்கிற ஐகியாக்காரர்கள் கண்டுபிடித்ததாக நாம் நினைக்கிற விஷயம்.

அப்புறம் நடந்தது வழக்கமான கம்பெனிக் கதை. 1897-ல் லிவர்பூலைச் சேர்ந்த வாரிங்கோடு கைகோத்து வாரிங் அண்ட் கில்லோ ஆனது, லூசிடானியா கப்பலின் உள்ளறைகளை அலங்கரித்தது, முதல் உலகப்போரில் விமானப் பாகங்கள் செய்தது, 1962-ல் லங்காஸ்டர் பட்டறை மூடப்பட்டது. இந்தக் கம்பெனிக் கதையை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் படிக்கலாம். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

அடக்கம் யாருடையது

மாமனார் சொன்னதைக் கேட்டபிறகு என் சந்தேகம் ஒரு வடிவத்துக்கு வந்தது. கில்லோஸ் அலமாரியில் செதுக்கல் இல்லை, பூவேலை இல்லை, வெறும் பலகையும் ரேகையும் மட்டும்தான் என்பதைத்தானே அடக்கம் என்கிறார்கள்? வெறும் பலகையை அப்படி நிறுத்திவைக்க முடிந்தது ஏன்? பலகை அப்படி இருந்தது. இரண்டடி அகலத்தில், முடிச்சு இல்லாமல், வளையாமல், பூச்சி அரிக்காமல், மெழுகு தேய்த்தால் உள்ளிருந்து சிவப்பாக ஒளி கிளம்புகிற மரம் கைக்கு வந்தால் அதில் போய் யார் உளி வைப்பார்கள்? ஒட்டுப்போட்ட பலகையில்தான் ஒட்டை மறைக்க வேலைப்பாடு தேவைப்படும். இதையும் மாமனார்தான் சொன்னார், வேறு ஒரு வீட்டுக் கதவைப் பற்றிப் பேசும்போது.

கண்ணாடிக் கதவுகளையும் பாருங்கள். நாட்குறிப்பு எழுதிப் பேர்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1666-ல் தன் புத்தகங்களுக்காகக் கப்பல்துறைத் தச்சர் ஒருவரைக்கொண்டு செய்வித்த ஓக் அலமாரிகள் கேம்பிரிட்ஜில் மாக்டலீன் கல்லூரியில் இன்னும் இருக்கின்றன. கண்ணாடி போட்ட புத்தக அலமாரி என்ற பொருளுக்கே இங்கிலாந்தில் அதுதான் ஆரம்பம் என்பார்கள். அவற்றில் கண்ணாடிச் சதுரங்களுக்கு நடுவில் ஓடும் குறுக்குச் சட்டங்கள் தடியானவை. ஓக் மரத்தின் ரேகை முரடு, மெலிதாக இழைத்தால் பிளந்துவிடும். மகாகனியில் அதே சட்டத்தைப் பாதிக்கும் கீழாக மெலித்து, சாய்த்து, வளைத்து, எண்கோணமாகவும் கோவில் ஜன்னல் வளைவாகவும் கோக்கலாம். கண்ணாடியின் பாரத்தையும் அது தாங்கும். பதினெட்டாம் நூற்றாண்டு நூலக அலமாரியின் தனி அழகு என்று நாம் எதையெல்லாம் சொல்கிறோமோ, அந்த மெல்லிய கோடுகள், அந்தப் பெரிய வெறும் பரப்புகள், எல்லாமே முதலில் மரத்தின் குணம், அப்புறம்தான் செய்தவரின் குணம். எல்லா அலமாரியும் முழு மகாகனி இல்லை என்பதும் உண்மைதான். பின்பலகைக்குப் பைன் போடுவார்கள், கண்ணுக்குத் தெரியாத தட்டுக்கு முன்விளிம்பில் மட்டும் மகாகனிப் பட்டி ஒட்டுவார்கள், முகப்புக்கு அழகான ரேகையில் வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடு ஒட்டுவதும் உண்டு. ஆனால் வெனீருக்குக்கூட அந்த அகலமும் ரேகையும் உள்ள மரம் வேண்டும்.

தச்சர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த இழுப்பறையில் புறா வால்போல் பல்லுக்குப் பல் கோத்த டவ்டெயில் மூலையைப் பார்த்துவிட்டு மாமனார் நாக்கைச் சப்புக்கொட்டினார். அவர் சுலபத்தில் அப்படிச் செய்கிறவர் இல்லை. தச்சர்களுக்கு உரிய புகழ் அவர்களுக்குப் போகட்டும், கூடுதலாகவே போகட்டும். மரத்துக்கு உரிய புகழும் அவர்கள் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறதே, அதுதான் இடித்தது. மரம் தானாக லங்காஸ்டருக்கு நடந்துவரவில்லை.

எல்லாக் கணக்கும் இருக்கிற புத்தகம்

கில்லோஸைப் பற்றி ஆராய்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்தக் காலத்து வேறு எந்த ஆங்கிலேயத் தச்சுப் பட்டறைக்கும் இப்படி ஓர் ஆவணக் குவியல் கிடைத்ததில்லை. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக்காப்பகத்தில் பேரேடுகள், கடிதப் பிரதிகள், எல்லாவற்றுக்கும் மேலாக 1784-லிருந்து தொடங்கும் மதிப்பீட்டுப் படப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்தைப் பார்த்தாலே போதும், அசந்துபோவோம். மேலே பொருளின் படம், மையில் வரைந்து லேசாக வண்ணம் தீட்டியது. கீழே செலவுக் கணக்கு: மகாகனி இத்தனை அடி, பைன் இத்தனை அடி, வெனீர், பசை, திருகாணி, பூட்டு, கீல், கண்ணாடி, மெருகு. செய்த தச்சரின் கூலி. அந்தத் தச்சரின் பெயர். எந்த நாற்காலியை எந்த ஆள் செய்தார் என்று இருநூறு வருஷம் கழித்து உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடலாம். இழுப்பறைகளுக்கு உள்ளே பென்சிலால் தச்சர்கள் கிறுக்கிய கையெழுத்தோடு இந்தப் பெயர்களைப் பொருத்திப் பார்த்த ஆராய்ச்சிகளும் உண்டு.

அந்தப் பக்கங்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் முதல் வரியிலேயே என் கண் நின்றுவிடுகிறது, மகாகனி இத்தனை அடி என்ற வரியில். திருகாணிக்குக்கூட ஒரு கடைக்காரர் இருக்கிறார், தேடினால் அவர் தெருவரை கிடைக்கும். மகாகனிக்கு அடிக்கணக்கும் விலையும் மட்டும்தான். கணக்கு எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது; அவருக்கு மரம் துறைமுகத்தில் தொடங்குகிறது. அவ்வளவு துல்லியமான பேரேடு இருப்பதாலேயே நமக்கும் அங்கேதான் தொடங்குவதுபோல் ஆகிவிட்டது. செய்தவரின் பாரம்பரியம் என்று பட்டியல்காரர்கள் எழுதுவதெல்லாம் இந்தப் பேரேட்டின் எல்லைக்குள் அடங்கிவிடும்.

துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்பது ஒன்றும் ரகசியமில்லை. முதலில் ஜமைக்கா. கரும்புத் தோட்டத்துக்காகக் காட்டை அழித்தபோதும், அப்புறம் மரத்துக்காகவே மலையேறியபோதும், கோடரி பிடித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். கைக்கெட்டும் மரமெல்லாம் தீர்ந்துபோனபிறகு ஹோண்டுராஸ் வளைகுடா, அதாவது இன்றைய பெலீஸ். அங்கே வேலை நடந்த விதத்தை அக்காலத்து ஆங்கிலேயர்களே விவரமாக எழுதிவைத்திருக்கிறார்கள். மகாகனி தோப்பாக வளர்வதில்லை; அடர்ந்த காட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சிதறி நிற்கும். அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மரம் தேடுவதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். அவரும் அடிமைதான், ஆனால் அந்தக் கூட்டத்திலேயே விலைமதிப்பு அதிகமானவர். ஆகஸ்டில் மகாகனி இலை நிறம் மாறி மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். அவர் காட்டிலேயே உயரமான மரத்தின் உச்சிக்கு ஏறி, நாலாபக்கமும் பச்சைக்கு நடுவே அந்த நிறம் எங்கே தெரிகிறதென்று பார்ப்பார். இறங்கி, பாதையில்லாத காட்டில் திசை பிசகாமல் அந்த மரத்தடிக்கே கூட்டத்தை நடத்திக்கொண்டுபோவார். போட்டிக் கூட்டத்தின் ஆள் அதே மரத்தை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடாமல் தடத்தை மறைத்து நடப்பதும் அவர் வேலை.

அடிமரத்தில் வேர்கள் சுவர்போல் புடைத்து நிற்பதால் தரையோடு வெட்ட முடியாது. பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்குக் கழிகளால் மேடை கட்டி, அதன்மேல் நின்று கோடரியால் வெட்டுவார்கள். பிறகு மரத்தைச் சதுரமாகச் செதுக்கி, பாதை வெட்டி, கோடையில் தரை காய்ந்ததும் மாடு பூட்டி ஆற்றங்கரைக்கு இழுப்பார்கள். பகல் வெயிலில் மாடு தாங்காது என்பதால் இதை ராத்திரியில் செய்தார்கள், பந்தம் பிடித்துக்கொண்டு. மாடு தாங்காது என்றுதான் எழுதியிருக்கிறது. மழை பிடித்து ஆறு பெருகியதும் கட்டைகளை நீரில் தள்ளிவிட்டு, படகில் பின்னாலேயே போய், முகத்துவாரத்தில் குறுக்கே கட்டிய தடுப்பில் பிடிப்பார்கள். அங்கிருந்து கப்பல். அந்த நாட்டின் கொடியில் இன்றைக்கும் ஒரு மகாகனி மரமும், கோடரியும் துடுப்பும் ஏந்திய இரண்டு ஆட்களும் இருக்கிறார்கள். 1773-லும் 1820-லும் பெலீஸ் ஆற்றங்கரை முகாம்களில் அடிமைகள் கிளர்ந்து எழுந்ததும் வரலாற்றில் இருக்கிறது.

இரண்டு சாண் அகலத்துக்கு ஒட்டில்லாத பலகை கிடைத்தது இவர்கள் கையால்தான். உச்சியில் ஏறி நிறம் பார்த்தவரின் கண்ணைத் தச்சரின் கையோடு ஒரே வரிசையில் வைக்கக்கூடாதா என்ன? அது தொழில்திறமை இல்லையா? மரத்தில் எது கொள்ளும், எது தள்ளும் என்பதை முதலில் தீர்மானித்தவர் அவர்தான்.

1772

லங்காஸ்டரில் ஜட்ஜஸ் லாட்ஜிங்ஸ் என்று ஒரு பழைய வீடு இருக்கிறது. வழக்கு விசாரிக்க ஊருக்கு வரும் நீதிபதிகள் தங்குவதற்காக வைத்திருந்த வீடு, இப்போது அருங்காட்சியகம், கில்லோஸ் சாமான்களுக்குப் பேர்போனது. மாமனாரை அங்கேயும் கூட்டிப்போனேன், இந்தமுறை அவரே கேட்டார். அங்கே பெரிய மகாகனி நூலக அலமாரி ஒன்று நிற்கிறது. 1772-ல் மேரி ஹட்டன் ராலின்சன் என்ற பெண்மணிக்காகக் கில்லோஸ் செய்தது. ராலின்சன் குடும்பம் மேற்கிந்தியத் தீவுகளோடு வியாபாரம் செய்த குடும்பம். லங்காஸ்டர் அந்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் நான்காவது பெரிய அடிமை வணிகத் துறைமுகம். லிவர்பூல், லண்டன், பிரிஸ்டலுக்கு அடுத்து இந்தச் சின்ன ஊர்தான்.

1772 என்ற வருஷம் எனக்கு வேறொரு காரணத்துக்காக நினைவில் இருந்தது. அந்த ஜூன் மாதம்தான் லண்டனில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, ஜேம்ஸ் சோமர்செட் என்ற அடிமையின் வழக்கில் தீர்ப்புச் சொன்னார்: இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் அடிமையை அவர் விருப்பத்துக்கு மாறாக வெளிநாட்டுக்குக் கப்பலேற்றி அனுப்ப எஜமானுக்கு உரிமை இல்லை. இங்கிலாந்து மண்ணுக்கு மட்டும் சொன்ன தீர்ப்பு அது. ஜமைக்காவின் கோடரிக்கும் பெலீஸின் பந்தத்துக்கும் அதில் ஒரு வார்த்தை இல்லை. அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டத்துக்கு 1807 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அடிமைகள் முழுவதும் விடுபட 1838 ஆனது. ஏலக்காரர்கள் அதிகம் விரும்புகிற முத்திரை குத்திய கில்லோஸ் சாமான்களில் பெரும்பங்கு இந்தக் காலத்துக்குள் அடங்கிவிடும்.

அருங்காட்சியகக்காரர்களைப் பாராட்ட வேண்டும், அவர்கள் இதை மூடி மறைப்பதில்லை. 2007-ல் லுபைனா ஹிமித் என்ற ஓவியர், ஊரின் பழைய பீங்கான் தட்டுகள்மேல் அடிமைகளின் முகங்களையும் எஜமான்களின் முகங்களையும் தீட்டி அந்த வீட்டிலேயே காட்சிக்கு வைத்தார்; பத்து வருஷம் கழித்து அவருக்குப் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது. துறைமுகத்தில் 2005-லிருந்து அந்த அடிமைகளுக்கு ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. இருந்தாலும் என் மனசு ஆறவில்லை. அடிமை வணிகம் ஒரு தனி விளக்கப் பலகையில், வடிவமைப்பு வரலாறு இன்னொரு விளக்கப் பலகையில் என்றே எங்கும் இருக்கிறது. இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பலகை வருத்தப்படும், இந்த அலமாரி எவ்வளவு அழகு என்று இன்னொன்று வியக்கும். அழகே அங்கிருந்துதான் வந்தது என்று ஒன்றும் சொல்வதில்லை.

பழைய சாமான்களைப் பழுதுபார்க்கும் ஆங்கிலேய நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். நல்ல மனிதர், தொழிலில் கெட்டிக்காரர். எரிச்சலோடுதான் பதில் சொன்னார். பருத்தி, சர்க்கரை, புகையிலை, எதைத்தான் தொட முடியும், எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் கதை இருக்கிறது, ஒரு புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறாய் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நான் அந்த அலமாரியை வெறுக்கச் சொல்லவில்லை, கொளுத்தச் சொல்லவில்லை. அந்தத் தட்டைக் கையில் பிடித்தபோது எனக்கு வந்தது ஆசைதான். புகழ்ச்சியைச் சரியான விலாசத்துக்கு அனுப்புங்கள் என்கிறேன், அவ்வளவே. அன்றைய சர்க்கரையைத் தின்று தீர்த்தாகிவிட்டது, சட்டை கிழிந்துபோய்விட்டது. பலகை அப்படியே இருக்கிறது, அதற்குத்தான் விலையும் சொல்கிறார்கள்.

மாமனாருக்கு இந்த வாதத்தில் எல்லாம் நாட்டமில்லை. அவர் கவலை வேறு. நம்மூரில் இப்போது மகாகனிக் கன்று நடாத விவசாயி குறைவு. இந்தியாவுக்கு அந்த மரம் வந்தது 1795-ல், ஜமைக்காவிலிருந்து கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு. இப்போது டெல்டாவில் வரப்போரமெல்லாம் பெரிய இலை மகாகனி நிற்கிறது. பதினைந்து வருஷத்தில் லட்சம் லட்சமாகக் கொட்டும் என்று நர்சரிக்காரர்கள் சொல்கிறார்கள். "பதினஞ்சு வருஷத்துல என்ன வைரம் பாயும்? பத்து விரக்கடை அகலத்துக்குப் பலகை எடுத்து ஒட்டுப்போட வேண்டியதுதான்" என்பார் இவர். காட்டில் முதிர்ந்த பழைய மரம் இன்று சந்தைக்கு வருவதும் அரிது. லத்தீன் அமெரிக்கப் பெரிய இலை மகாகனியின் பன்னாட்டு வணிகமே 2003-லிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் நடக்காது. அப்படிப்பட்ட பலகையை இனி யாரும் அறுக்கப்போவதில்லை. இருப்பதெல்லாம் இந்த அலமாரிகளுக்குள் இருப்பதுதான்.

இத்தனைக்கும் அந்த அலமாரி மதிப்பிட்ட தொகைக்குக் கீழேதான் போனது. இருண்ட நிறப் பழைய மரச்சாமான்களுக்கு இங்கே மவுசு போய்ப் பல வருஷமாகிறது. வீடுகள் சுருங்கிவிட்டன, புத்தகங்களும் கைப்பேசிக்குள் போய்விட்டன. ஏலம் முடிந்த வாரம் அந்த ஏலக்கூடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். அடுத்தமுறை இப்படி ஒன்று வந்தால் செய்தவர் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டு, வரியையும் எழுதிக்கொடுத்தேன்: "மரம்: மேற்கிந்தியத் தீவுகள் அல்லது ஹோண்டுராஸ் வளைகுடாவின் காட்டு மகாகனி, அடிமைகள் தேடி வெட்டியது, தட்டுகளும் கதவுப் பலகைகளும் ஒரே பலகை." பணிவான பதில் வந்தது. யோசனைக்கு நன்றி, பட்டியலில் இடம் குறைவு என்பதால் இத்தகைய விவரங்களைச் சேர்க்க இயலவில்லை என்று. நான் அந்தப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பூட்டு இரண்டு மாற்றப்பட்டிருப்பதற்கு ஒரு வரி, அடிப்பீடத்தில் பிற்காலத்து ஒட்டுவேலைக்கு ஒரு வரி, இடது மேல்கதவில் விரிசல்விட்ட கண்ணாடிக்கு ஒரு வரி, சாவி ஒன்று காணவில்லை என்பதற்கு ஒன்று.